காலிக் கட்டிலின் நாடி

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர் எழுவர். செவிலியர் கல்லூரியின் முதல்வராகிய என் தங்கை, அவளுக்கு வலப்புறம், கண்ணொளி மங்கியும் முதுகு வளையாத முதிய மருத்துவர், இடப்புறம், ஆண்கள் பிரிவின் தலைமைச் செவிலி, மேசையின் கடைக்கோடியில், நடப்பதை எழுதும் எழுத்தர், எதிரே, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, அவளருகே, அவளைப் பெற்றவளும் முன்னொரு காலத்தில் இதே கல்லூரியின் மூத்த ஆசிரியையாய் விளங்கி ஓய்வு பெற்றவளுமாகிய அம்மையார், சுவரோரம், நான். கற்றறிந்த பெரியீர், எங்கள் குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் இதை நானே எழுத வேண்டியவனாகிறேன்.

பிற்பகல் மூன்று மணி. உச்சியினின்று இறங்கத் தொடங்கிய வெயில், மருத்துவமனையின் நீண்ட கூரைகள்மீது உருக்கிய வெள்ளியெனப் பரவி, நடைவழித் தூண்களின் நிழல்களைத் தரையில் வரிவரியாய்க் கிடத்தியிருந்தது. துணி வெளுக்கும் கூடத்திலிருந்து எழுந்த நீராவி மரங்களினூடே மெல்லக் கலைந்து சென்றது. கஞ்சியிட்டு உலர்த்திய வெள்ளாடைகள், பறக்க மறந்த கொக்குகளைப் போல் கயிற்றில் அசைந்தன. நோயுற்றோரைக் காண வந்த உறவினர், கையில் பழப்பையும் கண்ணில் அச்சமுமாய்ப் பெருவாயிலின் முன் திரண்டு, மணி அடிக்கக் காத்திருந்தனர். அந்த ஆரவாரத்தினின்று விலகி, மேல்மாடியில், மருந்து வாடையும் பழந்தாளின் வாடையும் கலந்து தேங்கிய கூடத்தில், இருபத்து நான்கு ஆண்டுகளாக என் நெஞ்சில் நீறு பூத்துக் கிடந்த நெருப்பு அன்று காற்றுக்காகக் காத்திருந்தது.

அந்நெருப்பு மூண்ட வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை அப்போது இதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். தந்தையை இழந்த அவளுக்கு நானே தந்தையாய் நின்றேன். நிலம் அளக்கும் தொழிலினன் நான். வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் பொறாதவன். எங்கள் குடியில் எவரும் பொய்யான தாளில் கையொப்பமிட்டதில்லை என்று நாலு பேர் நடுவில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆண்கள் பிரிவில் மாணவியரை நடத்திச் சென்றவர், இப்போது எதிரே அமர்ந்திருந்த அந்த ஆசிரியை. மடிப்புக் கலையாத வெள்ளுடையும் மடங்காத கழுத்துமாய் அவர் நடந்துவரும் தோற்றத்தைக் கண்டு மாணவியர் அவருக்குக் 'கஞ்சிமடிப்பு' என்று பெயர் சூட்டியிருந்தனர்.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு குறிப்புத்தாள் தொங்கும். காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு என நான்கு மணிக்கொரு முறை நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து, கைக்கடிகாரத்தில் கண் வைத்து, ஒரு முழு மணித்துளி நாடியை எண்ணி, அந்தந்த வேளைக்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். கட்டிலோ நாற்பது, மாணவியரோ நால்வர். ஆகவே கஞ்சிமடிப்பு ஒரு குறுக்குவழி கண்டிருந்தார். பத்து மணிக்கு எண்ணும்போதே இரண்டு மணிக் கட்டத்தையும் நிரப்பிவிடச் சொல்வார். தயங்கியவர்களிடம், "நாடி எங்கே ஓடிப் போகப் போகுது? எழுதும்மா, எழுது" என்பார். எழுதாதவளுக்குச் செய்முறைத் தேர்வில் தேற வழியில்லை.

ஒருநாள் பத்து மணிக்கு, தச்சுத் தொழிலாளி ஒருவரின் நாடியை எண்பத்திரண்டு என்று எண்ணினாள் என் தங்கை. ஆசிரியையின் சொற்படி இரண்டு மணிக் கட்டத்திலும் எண்பத்திரண்டு என்று எழுதினாள். அறிந்தோர் அறிவர்: நிரம்பிய கட்டம், அவ்வழியே போகிற செவிலிக்கு 'இங்கே ஒருவர் வந்து பார்த்துவிட்டார்' என்று சொல்லும். நண்பகலுக்குப் பின் அக்கட்டிலைக் கடந்த செவிலி தாளை நோக்கினாள்; எந்த வேளைக்குரியது என்று பாராமல், கட்டம் நிரம்பியிருக்கக் கண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தச்சர் வியர்த்து, மூச்சுத் திணறி, அழைக்கக் குரலின்றி, ஒன்றேகால் மணியளவில் உயிர் துறந்தார் என்று மருத்துவர் பின்னர் கணித்தார். உறவினரை உள்ளே விடும் மணி அடித்ததும் முதலில் ஓடிவந்த அவர் மனைவிதான் அதைக் கண்டாள். இறந்த மனிதருக்கு இரண்டு மணிக்கு நாடி எண்பத்திரண்டு என்று தாள் சொல்லிற்று.

அன்று பணியிலிருந்த இளைய மருத்துவர் தாளை உயர்த்திப் பிடித்து, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். என் தங்கை, "நான்தான் சார். டீச்சர் எழுதச் சொன்னாங்க" என்றாள். கஞ்சிமடிப்போ இமை கொட்டாமல், "நான் ஏன் சொல்லப் போறேன்? சோம்பேறித்தனம். இப்போ என் தலையில கட்டறா" என்றார். உடன் படித்த மூவரும் தரையைப் பார்த்தனர்.

மறுநாள் இதே கூடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். "உங்க தங்கச்சி தப்பை ஒத்துக்கிட்டு நீங்க ஒரு கடிதம் கொடுத்துட்டா, காவல் நிலையம் வரைக்கும் போகாம நாங்க பார்த்துக்கறோம்" என்றார் அப்போதைய முதல்வர். என் தங்கை என் முழங்கையைப் பற்றி, "வேண்டாம் அண்ணா, நான் பொய் சொல்லல" என்றாள். நான் அவள் கையை விலக்கிவிட்டுக் கையொப்பமிட்டேன். அன்றே அவள் பெயரை அடித்து வெளியே அனுப்பினர். அதன்பின் எங்கள் தெருவில் அவள் நடந்தால் பேச்சு நிற்கும். அவள் கடந்தபின் தொடங்கும். "ஆளையே கொன்ன பொண்ணு" என்று கடைக்காரன் தன் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. குடும்பத்தின் தலைகுனிவுக்கெல்லாம் அந்த வெள்ளுடையாளே பொறுப்பு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தேன். என் கையொப்பத்தைப் பற்றி மட்டும் எவரிடமும் பேசியதில்லை.

தங்கை வேற்றூர் சென்றாள். முதலாம் ஆண்டிலிருந்து மீண்டும் படித்தாள். பிரிவுகளில் உழைத்தாள், கற்பித்தாள், பதினெட்டாம் ஆண்டு அதே கல்லூரிக்கு முதல்வராய்த் திரும்பினாள். வந்ததும் அவள் முதலில் கைவைத்தது கல்லூரியின் நெறிக் கோவையில். பழைய கோவை கஞ்சிமடிப்பே எழுதியது. 'பொய்யான பதிவு செய்தவள் அன்றே வெளியேற்றப்படுவாள்' என்ற ஒற்றை வரியை அதன் முதுகெலும்பாய்க் கொண்டது. தங்கை ஆசிரியரையும் பிரிவுச் செவிலியரையும் கூட்டி ஓராண்டு வாதிட்டாள். நோயுற்றவர் கட்டிலின் எண் அல்லர், ஆள் என்பதும், செவிலிக்குக் கைத்திறனுக்கு முன்னே வேண்டுவது மெய் என்பதும் புதிய கோவையில் ஏறின. மூன்றாவதாய் ஏறிய வரிதான் பெரும் பூசலைக் கிளப்பியது: 'கற்கும் கையில் நேரும் பிழைக்குக் கற்பித்தவரும் விடை சொல்லக் கடவர், பிழையை ஒப்பியவளுக்குக் கற்பிக்க வேண்டும், மறைத்தவளுக்கு இங்கே இடமில்லை.' ஆசிரியர் சிலர் முகம் சுளித்தனர். ஊரார் அதை அருள் என்று போற்றினர். நானோ அதை வலை என்று கண்டேன். மீன் வரும்வரை காத்திருக்கும் பொறுமை என் தங்கைக்கு உண்டு என்பதையும் அறிந்திருந்தேன்.

மீன் தன் மகளையே அனுப்பிற்று. நல்ல மதிப்பெண் பெற்று வந்தவளைச் சேர்க்க மறுக்கவில்லை என் தங்கை. கட்டில் கட்டிலாய்ப் பறந்து வேலை முடிப்பதால் அப்பெண்ணைத் தோழியர் 'மின்னல்' என்று அழைத்தனர்.

கூடத்தில் நடந்த இந்த விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, பதினேழாம் கட்டிலில் கிடந்த சரக்குந்து ஓட்டுநர் ஒருவர், குடலிறக்கத்துக்கு அறுவை முடிந்து மறுநாள் காலை கண் தெளிந்து, போர்வைமீது யாரோ வைத்துப்போன தன் குறிப்புத்தாளைப் பொழுதுபோக்காகப் படித்திருக்கிறார். பின்பு தலைமைச் செவிலியை அழைத்தார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். நேத்து ஒரு மணிக்கு என்னைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரும்போது நாலு. ரெண்டு மணிக்கு நான் அங்கே கத்திக்குக் கீழே கிடந்தேன். என் நாடி மட்டும் இங்கேயே படுத்திருந்துச்சா?"

பக்கத்துக் கட்டில்காரர் விடவில்லை. "உனக்கு ரெண்டு நாடி இருக்கும்யா. ஒண்ணைக் காவலுக்கு விட்டுட்டுப் போயிருப்ப."

பிரிவே சிரித்தது. தலைமைச் செவிலி சிரிக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக் கட்டத்தில் எழுபத்தாறு என்று அழகாய் எழுதியிருந்த தாளை எடுத்துக்கொண்டு நேரே முதல்வரிடம் சென்றாள்.

செய்தி என்னை எட்டியதும் நான் தங்கையின் வீட்டுக்கு விரைந்தேன். "உன்னை எந்த வாசல் வழியா அனுப்பினாளோ, அவ பொண்ணை அதே வாசல் வழியா அனுப்பு. நான் என் கண்ணால பார்க்கணும்" என்றேன்.

"வாங்க அண்ணா. பழைய விசாரணையில இருந்தவங்கள்ல இப்போ கிடைக்கிறவங்க எல்லாரும் இருக்கணும்னு நானே சொல்லி அனுப்பறதா இருந்தேன்" என்றாள். அவள் குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

இவ்வாறே எழுவரும் கூடினோம். அன்றைய இளைய மருத்துவரே இன்றைய முதியவர்.

தங்கை தாளை மாணவியின் முன் வைத்தாள்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க மேடம்."

"ரெண்டு மணிக்கு அந்தக் கட்டில்ல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல."

"அப்போ யார் நாடியை எண்ணின?"

"எண்ணல மேடம். பத்து மணிக்கே ரெண்டையும் சேர்த்து எழுதிட்டேன். அறுவைக்குப் போறார்னு எனக்குத் தெரியல. நாடி எங்கே ஓடிப் போகப் போகுதுன்னு…"

பெரியீர், அச்சொற்கள் அக்கூடத்தில் விழுந்தபோது முதிய மருத்துவர் தலையை உயர்த்தினார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை அழுதுகொண்டே எனக்குச் சொன்ன அதே சொற்கள்; அதே அடுக்கு; வாய் மட்டும் வேறு.

கஞ்சிமடிப்பும் அதைக் கேட்டார். மகள் மேலே பேசிவிடாமல் இடைமறித்தார். "முதல்வர் அம்மா, சின்னப் பொண்ணை எதுக்குப் போட்டுக் குடையறீங்க? இத்தனை வருஷம் காத்திருந்தது இதுக்குத்தானே? பெயரை அடிச்சு அனுப்பிடுங்க. அந்த விதியை எழுதினதே நான். நான் ஒண்ணும் கெஞ்ச வரல."

தன் மகளையே வாசலுக்கு வெளியே தள்ளியேனும் கேள்வியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரம் அக்குரலில் இருந்தது. நான் உள்ளூர மகிழ்ந்தேன். வேண்டியது தானே வந்து மடியில் விழுகிறது என்று நினைத்தேன். தங்கையோ அதை எடுக்கவில்லை.

"அந்த விதி இப்போ இல்ல, டீச்சர்" என்று கூறி, புதிய கோவையின் மூன்றாம் வரியைச் சொல் சொல்லாக வாசித்தாள். வாசித்து முடித்து மாணவியை நோக்கினாள். "நாடி எங்கேயும் ஓடாதுன்னு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இங்கே யாராவதா?"

"இங்கே யாரும் இல்ல மேடம்."

"அப்போ வேற யாரு?"

பெண் தன் தாயின் மடியில் இறுகிக் கிடந்த கைகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "யாரும் இல்ல. நானா செஞ்சதுதான்" என்றாள்.

எழுத்தரின் எழுதுகோல் தாளை நெருங்கிற்று. தங்கை கையமர்த்தினாள். "கொஞ்சம் பொறுங்க. இதை எழுதிட்டா, மறைச்சதா ஆகும். மறைச்சவளுக்கு இங்கே இடமில்ல. அப்புறம் நானே நினைச்சாலும் மாத்த முடியாது." தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையின் நடுவில், கஞ்சிமடிப்பின் கண்ணுக்கு நேரே வைத்தாள். "ஒரு நாடியை ஒழுங்கா எண்ண ஒரு முழு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் பார்ப்போம். முடிஞ்சதும் எழுதிக்கலாம்."

நொடிமுள் புறப்பட்டது. கீழே பார்வையாளர் மணி அடித்து, நூற்றுக்கணக்கான காலடிகள் படியேறும் ஓசை பெருமழையின் முதல் இரைச்சலெனக் கிளம்பி, பிரிவுகளுக்குள் பிரிந்து அடங்கிற்று. கால் மணித்துளி கழிந்தது, அரை கழிந்தது. மாணவி தாயைப் பார்ப்பதையும் விட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையாத அந்தக் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பித் துடிப்பதை நான் சுவரோரத்திலிருந்தே கண்டேன். கண்டு, கூச்சமின்றிச் சுவைத்தேன். தச்சரின் மனைவி ஓடிவந்த படிகள் அவை. என் தங்கை பெட்டியோடு இறங்கிய படிகளும் அவையே. முள் சுற்றை முடிக்கப் பத்து நொடி இருந்தது.

"நான்தான்" என்றார் கஞ்சிமடிப்பு.

"நான்தான்னா என்ன டீச்சர்? எழுத்தர் எழுதணும். முழுசாச் சொல்லுங்க."

"நான்தான் வீட்டுல சொல்லிக் கொடுத்தேன். சேர்த்து எழுதிடு, வேலை மிச்சம்னு."

"இவளுக்கு மட்டுமா?"

மேசையிலிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "இல்ல. உனக்கும்" என்றார். 'உங்களுக்கு' என்று திருத்திக்கொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை.

தங்கை தன் முன்னிருந்த கோப்பைத் திறந்தாள். பழுப்பேறிய பழைய குறிப்புத்தாள் ஒன்று, பதிவறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. செவிலியர் பதிவில் பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது. மை தடவி மறைக்கவும் கூடாது. அடியிலுள்ளது எவருக்கும் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, மேலே மெய்யை எழுதி, நாளிட்டு, கையொப்பமிட வேண்டும். முதலாம் ஆண்டின் முதற்பாடம் அது. கஞ்சிமடிப்பே அதைப் பல்லாயிரம் முறை கற்பித்தவர்.

"திருத்துங்க" என்றாள் தங்கை.

கஞ்சிமடிப்பின் கை, எண்பத்திரண்டின் மேல் கோடு இழுத்தது. 'நாடி பார்க்கப்படவில்லை. என் சொற்படி மாணவி எழுதியது' என்று எழுதிக் கையொப்பமிட்டது. முதிய மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று தாமும் மேலே கேட்காமல் விட்டதை எண்ணியதாகப் பின்னர் என்னிடம் சொன்னார்.

நான் எழுந்தேன். எங்கள் குடியின் பெயர் கழுவப்பட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். தங்கை கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அது என் கடிதம்.

"அண்ணா, உங்க கையெழுத்தும் இருக்கு."

"தங்கச்சி, அது உன்னைக் காப்பாத்தறதுக்காக…"

"தெரியும். நான் வேண்டாம்னு சொன்னேன். திருத்துங்க."

எழுத்தர் எழுதுகோலை எனக்கு நீட்டினார். கஞ்சிமடிப்பு முதன்முறையாக என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையின் கீழ் நான் கோடு இழுத்தேன். 'என் தங்கை தானாகவே பிழை செய்ததாக யான் எழுதியது பொய்' என்று எழுதினேன். நிலங்களின் எல்லையை நாற்பது ஆண்டு கோணாமல் இழுத்த கைக்கு அந்த ஒரு சாண் கோடு நேராய் வரவில்லை.

பின்பு தங்கை தீர்ப்பைச் சொன்னாள். எண்ணாததை எண்ணியதாக எழுதிய பிழையைக் கேட்டதும் ஒப்பியதால் மாணவி நீடிப்பாள். ஆனால் மூன்று திங்கள், தலைமைச் செவிலி அருகே நிற்க, ஒவ்வொரு கட்டிலிலும் முழு மணித்துளி விரல் வைத்து எண்ண வேண்டும். இடையில் தாயைக் காக்கச் சொன்ன பொய்க்காக அம்மூன்று திங்கள் அவள் கையொப்பம் செல்லாது. மாணவி தலையசைத்தாள். "அந்த ஓட்டுநர்கிட்ட நானே போய்ச் சொல்லணும் மேடம்" என்று தானாகவே கேட்டாள். மறுநாள் சென்று சொன்னபோது அவர், "விடும்மா, இப்போ எண்ணு, ஓடிக்கிட்டு இருக்கான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்று கையை நீட்டினாராம்.

தாய்க்கு விதித்தது வேறு. கற்பித்தவர் விடை சொல்லக் கடவர் என்பது கோவையின் வரி. ஆதலால் மகள் அங்கே படிக்கும் இரண்டாண்டும், புதிய மாணவியர் சேரும் முதல் நாளன்று அவர் வந்து, முதலாம் ஆண்டு வகுப்பறையில் கண்ணாடியிட்டு மாட்டிய பழைய குறிப்புத்தாள், என் கடிதம் ஆகிய அவ்விரு தாள்களின் கீழே நின்று, கட்டத்தை ஏன் நிரப்பச் சொன்னார் என்பதையும், தச்சர் எப்படி இறந்தார் என்பதையும், பழியை யார்மேல் போட்டார் என்பதையும் தம் வாயால் சொல்ல வேண்டும். வராவிடில் மகளின் படிப்பு அன்றோடு முடியும். இரண்டாண்டும் வந்தார், மடிப்புக் கலையாத வெள்ளுடையில் வந்து, நின்று, சொல்லி, எவரோடும் பேசாமல் போனார். அந்நாள்களில் என் கடிதத்தையும் அறுபது பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள், நானும் பின்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும் என்பது தங்கையின் கட்டளை, கேட்டேன். பழிக்குப் பழி வேண்டும் என்று முதலில் நாக்கை நீட்டியவன் நானாதலால், அது எந்தப் பக்கம் பாய்ந்தது என்று முறையிடும் தகுதி எனக்கில்லை.

இன்று அக்கல்லூரியில் பயில்வோர், கற்பித்தவரையும் பொறுப்பாக்கும் அந்த வரியை உரிமையாக எண்ணிப் பேசுகின்றனர். அதனை எழுதிய கை எத்தகைய வலியில் எழுதியது என்று அறியார். அறியாமலே அதன் பயனைத் துய்ப்பது நன்றே.

ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது: முதல்வர் பெருந்தன்மையோடு தம் பழைய ஆசிரியையை மன்னித்து, சிறப்பு விருந்தினராக இரண்டு முறை அழைத்து மாணவியரிடையே பேச வைத்தார் என்றும், தமையனும் உடன் வந்து மகிழ்ந்து கேட்டார் என்றும். அது தவறு. அவர் அழைக்கப்படவில்லை, வரவழைக்கப்பட்டார். நான் மகிழவில்லை. என் தங்கை அவரை மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.